நகராத புள்ளி

"டீச்சர், என் பாடம் யாரையும் விரட்டாது. யாரையும் அதட்டாது. அப்படியிருந்தும் ஒருத்தர் மட்டும் நாலாம் பாடத்துலயே உக்காந்திருக்காங்க. ஏன்?"

அருளப்பன் இப்படிக் கேட்டது ஐப்பசி மாதத்தில். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

குழல்வாய்மொழி டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. அது அவருடைய வழக்கம்.

தென்காசியில் ஒரு ரேடியோ கடைக்கு மேலே, மாடியில் இருந்தார் டீச்சர். பாடம் செய்கிறவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. செல்போனில் படிக்கிற பாடத்தை எப்படிச் செய்தால் ஜனங்களுக்கு மண்டையில் ஏறும் என்று கேட்டுக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள்.

டீச்சருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அருளப்பனுக்கு ஐம்பது தாண்டி, வழுக்கையும் விழுந்துவிட்டது. ஆனாலும் அந்த அம்மாள்தான் குரு, இவர்தான் சீடர். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

டீச்சரிடம் ஒரு குணம் உண்டு. எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். ஒரு புதிர் போடுவார். இல்லாவிட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். கேட்டவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டு போய், தானாகவே கண்டுபிடித்துத் திரும்பி வந்தால், ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே வருஷக்கணக்கில் மாடி ஏறிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அருளப்பனும் அதில் ஒருத்தர்.

அருளப்பன் செய்திருந்தது ஒரு செல்போன் பாடம். அரிசி மில், உரக்கடை, பாத்திரக்கடை மாதிரி இடங்களில் கம்ப்யூட்டரில் பில் போடக் கற்றுக் கொடுக்கும் பாடம். ஒரு அறக்கட்டளை கேட்டதால் செய்தார். மனுஷன் உயிரைக் கொடுத்துத்தான் செய்திருந்தார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பாடத்தில் பேசுகிற குரல்கூட அவருடையதுதான். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் அந்தக் குரல் சொல்லும்:

"புரியலையா? பரவாயில்லை. அவசரமே இல்லை. நல்லாப் புரிஞ்சதும் அடுத்த பாடம் திறக்கும்."

இதைப் பதிவு செய்ய அவர் பட்ட பாடு! தொண்டை கரகரக்கக் கூடாது என்று வெந்நீர் குடித்துக் குடித்துப் பேசினார். தொட்டில் ஆட்டுகிற குரல் வந்த பிறகுதான் விட்டார்.

படித்து முடித்தவர் 'புரிந்தது' என்ற பொத்தானைத் தொட வேண்டும். முதல் மூன்று பாடங்களில் அது திரைக்கு நடுவில் இருந்தது. நாலாம் பாடம் கொஞ்சம் கடினம். அவசரத்தில் கைதவறித் தட்டிவிட்டு யாரும் அரைகுறையாக ஓடிவிடக் கூடாதே என்று, அந்தப் பொத்தானைக் கீழே ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டார். பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு கரிசனம் வராது என்று அவருக்கே தன்மேல் ஒரு மெச்சுதல்.

படிக்கிறவர்கள் எல்லோரும் அருளப்பனின் கம்ப்யூட்டரில் பச்சைப் புள்ளிகளாகத் தெரிவார்கள். பாடம் முடிக்க முடிக்கப் புள்ளி மேலே ஏறும். எல்லாப் புள்ளியும் ஏறிவிட்டது. ஒன்றே ஒன்று ஏறவில்லை.

"அவங்க பேரு என்ன அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"பேரைப் பாக்கலையே டீச்சர். எனக்கு ஒரு புள்ளிதான் தெரியுது."

"எதுக்காகப் படிக்காங்க?"

"அதுவும் தெரியலை."

டீச்சர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.

"அப்போ புள்ளிகிட்டயே கேளுங்க" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அருளப்பனுக்கு அதே யோசனை. புள்ளியிடம் கேள் என்றால் என்ன அர்த்தம்? டீச்சர் சும்மா சொல்ல மாட்டாரே. ஏதாவது ஆழமாகத்தான் இருக்கும்.

ஒருவேளை, புள்ளி நிற்கிற இடத்தைப் பார், அந்த இடத்தைச் சரிசெய் என்கிறாரோ?

அதேதான் என்று முடிவு கட்டினார். வீட்டுக்கு வந்ததும் நாலாம் பாடத்தைப் பிரித்துப் போட்டார். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினார். படங்கள் சேர்த்தார். குரலை இன்னும் இளக்கினார். கையோடு அந்தப் பொத்தானையும் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று.

புள்ளி தினமும் வரும். நாலாம் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கும். அங்கேயே நிற்கும்.

ஆரம்பத்தில் அருளப்பனுக்குத் தவிப்பாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெருமையே வந்துவிட்டது. ஒரு உயிர் தன் போக்கில், தன் வேகத்தில் படித்துக்கொண்டிருக்கிறது. யாரும் அதை 'சீக்கிரம், சீக்கிரம்' என்று நெருக்கவில்லை. இப்படி ஒரு பாடம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

மாசியில் ஒரு நாள் மத்தியானம், புதிர் விடுபட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில் மாடி ஏறினார்.

"டீச்சர், கண்டுபிடிச்சிட்டேன். புள்ளி நகரலைங்கிறது பிரச்சினையே இல்லை. அவங்க வேகம் அது. நான் அவங்களை அவங்க போக்குல விட்டுட்டேன்."

சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"அப்படியா" என்றார் டீச்சர். "உக்காருங்க அண்ணாச்சி. ஒண்ணும் அவசரமில்லை. இந்தா வாரேன்."

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அருளப்பன் உட்கார்ந்தார்.

அன்றைக்கு நாகர்கோவிலில் அவர் தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் போய் நின்றால்தான் தட்டு மாற்றுவார்கள். டீச்சரைப் பார்த்துவிட்டு, நேராக பஸ் ஏறினால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தார்.

கதவு திறக்கவில்லை.

எழுந்து போய்த் தட்டலாமா? குருவின் கதவை எப்படித் தட்டுவது? சொல்லாமல் கிளம்பலாமா? அது அதைவிட மோசம். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பஸ்ஸுக்கான நேரம் அவர் கண் எதிரிலேயே கடந்து போனது. சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. தங்கச்சிதான்.

கடைசியில் டீச்சர் வெளியே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"பஸ் போயிட்டு டீச்சர். தங்கச்சி மகளுக்கு இன்னைக்கு நிச்சயம். தாய்மாமன் நான். அங்கே எல்லாரும் என்னைத்தான் தேடிக்கிட்டிருப்பாங்க."

"பின்னே ஏன் இங்கேயே இருந்தீங்க?"

"நீங்க இருக்கச் சொன்னீங்க. மரியாதைக்கு இருந்தேன்."

"எனக்கு பஸ் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அருளப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. டீச்சரிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நல்லாக் கேட்டீங்க போங்க! அவசரமில்லைன்னு நீங்களே சொல்லிட்டுப் போயிட்டீங்க. எனக்கு அவசரம் இருக்கான்னு நீங்க கேட்டீங்களா?"

கேட்டு முடித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

கீழே ரேடியோ கடையில் யாரோ நிலையம் தேடித் திருகிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிகிட்ட கார் இருக்கு. நாகர்கோவிலுக்குக் கொண்டுவிடச் சொல்லுதேன்" என்றார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர், இனிப் போனாலும் நேரத்துக்குச் சேர முடியாது" என்றார் அருளப்பன். "நான் முதல்ல அந்தப் புள்ளியோட பேரைக் கேக்கணும்."

படியிலேயே நின்று அறக்கட்டளைக்குப் போன் போட்டார். கேட்ட உடனே பேரும் நம்பரும் சொல்லிவிட்டார்கள். இத்தனை மாதத்தில் எப்போது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

செண்பகவல்லி. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்.

மறுநாள் காலையில் அந்த ஊரில் போய் இறங்கினார். ஒரு ஓட்டு வீட்டு வாசலில் நின்று, "செண்பகவல்லியம்மா வீடு இதுதானா?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை. ஆளைப் பார்க்காமல் அவர் குரலையே பார்ப்பதுபோல நின்றார்.

"சார்! போனுக்குள்ள பேசுறவர் நீங்கதான?"

"நான்தாம்மா."

"குரலைக் கேட்டதும் தெரிஞ்சிட்டு சார். தினமும் கேக்கேனே. வாங்க, உள்ள வாங்க." நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உங்களுக்குப் பொறுமை ரொம்ப ஜாஸ்தி சார். இம்புட்டு நாளா எனக்கு ஏறலை. ஒரு நாள்கூட நீங்க என்னை வையலை."

அருளப்பனால் உட்கார முடியவில்லை.

"எதுக்காகம்மா இதைப் படிக்க ஆரம்பிச்சீங்க?"

ஐப்பசியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மாசியில் கேட்டார்.

செண்பகவல்லி சொன்னார். அவர் வீட்டுக்காரர் ஊரிலுள்ள அரிசி மில்லில் மூட்டை சுமந்தவர். போன ஆடியில் காய்ச்சலில் இறந்துவிட்டார். மில் முதலாளி வீட்டுக்கு வந்து, "கம்ப்யூட்டர்ல பில் போடக் கத்துக்கோ. தை பொறந்ததும் ஆபீஸ் வேலை உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செண்பகவல்லி பத்தாவது வரை படித்தவர். நம்பிக்கையோடு ஆரம்பித்தார். மூன்று பாடம் மளமளவென்று ஓடியது. நாலாவதில் நின்றுவிட்டது.

"இப்போ அந்த வேலை?"

"வேற ஆள் வந்துட்டாங்க சார். நான் அதே மில்லுல களத்துல நெல்லு காயப் போடுதேன்."

"வேலை போனபிறகும் பாடத்தைத் தினமும் பாக்கிறீங்களேம்மா?"

செண்பகவல்லி வெட்கப்பட்டார். "நீங்க அவ்வளவு பொறுமையாச் சொல்லுதீங்க. பாதியில விட்டா நல்லாவா இருக்கும்? மரியாதை இல்லைல்லா."

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலாம் பாடத்துல எது புரியலைன்னு சொல்லுங்கம்மா. நான் இப்போ நேர்லயே சொல்லித் தாரேன்."

"அதான் சார் எனக்கும் தெரியலை. நீங்களே கேட்டுச் சொல்லுங்க." கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்றார். "முதல்ல வாங்குறவர் பேரு போடணும். அப்புறம் அரிசி என்ன ரகம். மூட்டை எத்தனை. விலை. கழிவு உண்டுன்னா கழிவு. கூட்டுத்தொகை தானா வரும். ஆனாலும் அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கிடணும். தப்பா இருந்தா பில்லை அழிக்கக் கூடாது, திருத்துற இடத்துக்குப் போயித் திருத்தணும்."

ஒரு எழுத்து பிசகவில்லை.

"இதுல எனக்கு எது சார் புரியலை?"

அருளப்பன் கையை நீட்டினார். "போனைக் குடுங்கம்மா" என்றார்.

கொடுத்தார். வீட்டுக்காரருடைய போன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் கீழே விழுந்ததாம். கண்ணாடியில் கீழ் மூலை மட்டும் நொறுங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது.

அருளப்பன் நாலாம் பாடத்தைத் திறந்தார். கடைசிக்குப் போனார். அந்த நொறுங்கிய மூலையில், அவரே இரண்டு தடவை ஓரம் தள்ளி வைத்த பொத்தான் கிடந்தது. விரலை வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார். நகத்தால் தட்டினார்.

"புரியலையா? பரவாயில்லை" என்று அவருடைய குரலே அவருக்குச் சொன்னது. "அவசரமே இல்லை. நல்லாப் புரிஞ்சதும் அடுத்த பாடம் திறக்கும்."

செண்பகவல்லி அவர் முகத்தை எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குமா சார் புரியலை?"

அருளப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வாசலில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடந்தார். கோழைத்தனம்தான். வேறு என்ன சொல்ல?

நேராகத் தென்காசி. மாடி.

எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மொத நாளே அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு டீச்சர். பொத்தான்தான் வேலை செய்யலை. திறக்கலைன்னா இன்னும் புரியலைன்னு அர்த்தம்னு நினைச்சிருக்காங்க. நல்லாப் புரிஞ்சாத் திறக்கும்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேனே! பாவி, நான்தானே சொன்னேன்!"

அருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இப்போ நான் என்ன செய்ய? உண்மையைச் சொன்னா, ஒரு உடைஞ்ச கண்ணாடிக்கு வேலை போச்சேன்னு ஆயுசு பூரா நினைச்சு நினைச்சு அழுவாங்க. சொல்லாட்டி, நான் மக்குன்னு நினைச்சுக்கிட்டே இருப்பாங்க. எதைச் செய்ய? சொல்லுங்க டீச்சர்."

சொல்லிவிட்டு அருளப்பன் புதிருக்காகக் காத்திருந்தார்.

"அண்ணாச்சி," என்றார் டீச்சர். குரல் வழக்கம்போல இல்லை. "இந்தப் புள்ளி விஷயமா நீங்க மொத தடவை வந்தது எப்போ?"

"ஐப்பசியில."

"அப்போ அந்த வேலை இருந்துச்சு."

"இருந்துச்சு."

"போயி ஆளைப் பாருங்கன்னு நான் நேராச் சொல்லியிருக்கலாம். மூணு வார்த்தை. அப்படிச் சொல்லியிருந்தா மறுநாளே போயிருப்பீங்க." டீச்சர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "புள்ளிகிட்டயே கேளுங்கன்னேன். எனக்கு அது ஒரு அழகா இருந்துச்சு. தானாக் கண்டுபிடிக்கட்டும், மெதுவாக் கண்டுபிடிக்கட்டும்னு உங்களை விட்டேன். நீங்க அந்த அம்மாவை விட்ட மாதிரியே."

இப்படி ஒரு நாளும் டீச்சர் பேசி அருளப்பன் கேட்டதில்லை.

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"சொல்லிடணும். இன்னைக்கே. நானும் வாரேன்."

இரண்டு பேரும் அம்பாசமுத்திரம் பஸ் ஏறினார்கள்.

களத்தில் நல்ல வெயில். செண்பகவல்லி காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முக்காட்டை எடுத்துவிட்டு ஓரத்து வேப்பமர நிழலுக்கு வந்தார்.

அருளப்பன் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அவருடைய போனை வாங்கி, நொறுங்கிய கண்ணாடியைக் காட்டினார். பொத்தானைத் தான்தான் அங்கே கொண்டுபோய் வைத்ததையும் சொன்னார்.

செண்பகவல்லி அந்த மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ எனக்கு மொத நாளே புரிஞ்சிட்டுதா சார்?"

"மொத நாளே புரிஞ்சிட்டும்மா."

"நான் மக்கு இல்லையா?"

"நீங்க இல்லை. நான்தான்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக நின்றது.

"வேற ஆள் வந்துட்டாங்கன்னு உங்ககிட்ட சொன்னேன்லா சார்."

"ஆமாம்மா."

"முதலாளி யாரையும் தேடலை. தை பொறந்ததும் நானே அவர்கிட்ட போனேன். எனக்கு ஏறலை முதலாளி, என் மண்டையில களிமண்ணுதான் இருக்கு, வேற ஆளைப் போட்டுக்கோங்கன்னு சொன்னேன். அதனால என்ன, இன்னும் கொஞ்ச நாள் பாரும்மான்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். என் வாயாலயே வேண்டாம்னுட்டேன் சார்."

அருளப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மில் ஆபீஸில் பில் அச்சடிக்கிற சத்தம் கரகரவென்று கேட்டது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

செண்பகவல்லி போனைச் சேலையில் நன்றாகத் துடைத்தார்.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"அஞ்சாம் பாடத்துல என்ன சார் இருக்கு?"